"குரோமில் திறக்கவும்" என்று தளம் திருப்பி அனுப்புகிறது: பழைய லேப்டாப், ஃபால்கன் பிரவுசர், உதவி தேவை

தங்கச்சிமடம் கடை

எல்லோருக்கும் வணக்கம். தங்கச்சிமடத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், ஆன்லைன் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். இப்போது தடைக்காலம். ஜூன் 14 வரை விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். வருமானச் சான்று, பிள்ளைகளின் கல்லூரி விண்ணப்பம், மின் கட்டணம் என்று தள்ளிப்போட்ட வேலைகளை எல்லாம் தூக்கிக்கொண்டு ஆட்கள் வரும் நேரம் இது.

கடையில் இருந்த கம்ப்யூட்டரின் மதர்போர்டு உப்புக்காற்றில் அரித்துப் போய்விட்டது. வேறு வாங்கும்வரை, தங்கச்சிக்குப் பள்ளியில் கொடுத்த அரசு இலவச லேப்டாப்பை வைத்து ஓட்டுகிறேன். 2 ஜிபி ரேம், டெபியன் 12 லினக்ஸ். குரோமுக்கு அடிப்படையான குரோமியம் பிரவுசரைத் திறந்தால் லேப்டாப் திணறுகிறது. ஃபால்கன் பிரவுசர் லேசாக ஓடுகிறது, தமிழும் ஒழுங்காகத் தெரிகிறது. ஆனால் மூன்று தளங்களில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்று, சான்றிதழ் விண்ணப்பத் தளம். முகப்பு திறந்த உடனே "உங்கள் பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை, குரோம் பயன்படுத்தவும்" என்று வந்து நின்றுவிடுகிறது. இரண்டாவது, கட்டணம் கட்டும் தளம். "நீங்கள் மனிதர்தானா என்று பார்க்கிறோம்" என்று ஒரு வட்டம் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது. மூன்றாவது, ஒரு கல்லூரியின் விண்ணப்பம். எல்லாப் பக்கமும் நிரப்பி முடித்து ஓடிபி போட்டால், அந்தக் கடைசி பட்டன் மட்டும் அமுங்க மாட்டேன் என்கிறது. எந்தச் செய்தியும் வரவில்லை.

இது மூன்றும் ஒரே கோளாறா? லேப்டாப்பை மாற்றாமல் சமாளிக்க முடியுமா? வரும் ஆட்களைத் திருப்பி அனுப்ப மனது வரவில்லை.

ராமநாதபுரம் டவுன்

குரோமையே போட்டுவிடுங்கள் அண்ணே. தளம் அதைத்தானே கேட்கிறது. ஆள் காத்திருக்கும்போது பரிசோதனை செய்துகொண்டிருக்க முடியாது.

மண்டபம் சர்வீஸ்

டவுன் அண்ணன் சொல்வது அவசரத்துக்குச் சரி. ஆனால் 2 ஜிபி ரேமில் குரோம் பாதி விண்ணப்பத்தில் உறைந்து போனால், நிரப்பியது எல்லாம் போய்விடும். அதனால் கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். தம்பி, உங்களுக்கு இருப்பது மூன்று தனித்தனிக் கோளாறு. மூன்றையும் விளக்கினால் பெரிதாகிவிடும், அதனால் முதலாவதை மட்டும் இப்போது சொல்கிறேன்.

எந்தப் பிரவுசரும் ஒரு பக்கத்தைக் கேட்கும்போது தன்னைப் பற்றி ஒரு வரி எழுதி சர்வருக்கு அனுப்பும். அதற்கு யூசர் ஏஜென்ட் என்று பெயர். போனில் "டெஸ்க்டாப் சைட்" என்று டிக் போடுகிறீர்களே, அப்போது அந்த வரிதான் மாறுகிறது. உங்கள் ஃபால்கன் அனுப்பும் வரியில் மொசில்லா, ஃபால்கன், குரோம், சஃபாரி என்று நான்கு பெயரும் வரிசையாக இருக்கும். அத்தனையும் ஒரே வரியில் ஏன் என்று கேட்டால், பழைய கதை. 1990-களில் நெட்ஸ்கேப் பிரவுசர் தன்னை மொசில்லா என்று சொல்லிக்கொண்டது. அந்தப் பெயர் இருந்தால்தான் சில தளங்கள் நல்ல பக்கத்தைக் கொடுத்தன. அதனால் அடுத்து வந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரரும் மொசில்லா என்று போட்டுக்கொண்டது. 2008-ல் வந்த குரோமும் உள்ளே வர சஃபாரியின் பெயரைச் சேர்த்துக்கொண்டது. இன்று எல்லோரையும் தன் பெயரைச் சொல்ல வைக்கும் குரோமே அப்படி நுழைந்ததுதான். 2009-ல் ஓபரா பத்தாம் பதிப்பு வந்தபோது பல தளங்கள் 10-ல் முதல் எழுத்தான 1-ஐ மட்டும் படித்து "பழைய பிரவுசர்" என்று தள்ளிவிட்டன. கடைசியில் ஓபரா தன்னை 9.80 என்று எழுதிக்கொள்ள வேண்டியதாயிற்று. விவால்டியும் 2019 கடைசியில் தன் பெயரையே அந்த வரியிலிருந்து எடுத்துவிட்டது.

ஃபால்கனுக்குள் ஓடி, பக்கத்தைத் திரையில் காட்டும் இன்ஜின் க்யூட்டி வெப்இன்ஜின். அது குரோமியத்தின் உடம்புதான். அதாவது உங்கள் தளம், படகு ஓடுமா என்று பார்க்காமல் மேலே எழுதியிருக்கும் பெயரைப் பார்த்து, கடலுக்குப் போகும் டோக்கனை மறுப்பது போல நடந்துகொள்கிறது.

செய்ய வேண்டியது: ஃபால்கன் செட்டிங்ஸில் யூசர் ஏஜென்ட் மேனேஜர் என்றே ஒன்று இருக்கிறது. அதில் குறிப்பிட்ட தளங்களுக்கு மட்டும் வேறு வரி கொடுக்கும் வசதியை டிக் செய்யுங்கள். சான்றிதழ் தளத்தின் முகவரியைப் போட்டு, உங்கள் வரியை அப்படியே ஒட்டி, "ஃபால்கன்" என்ற சொல்லையும் அதன் எண்ணையும் மட்டும் அழியுங்கள். வேறு எதையும் தொட வேண்டாம். எல்லாத் தளத்துக்கும் பொதுவாக மாற்றவே வேண்டாம், அதில் வரும் சிக்கல் பெரியது.

தங்கச்சிமடம் கடை

அண்ணே, முதல் தளம் திறந்துவிட்டது! உள்ளே எல்லாமே ஒழுங்காக வேலை செய்கிறது, பி.டி.எஃப் வரை இறங்கிவிட்டது. அந்த ஒரு சொல்தான் தடுத்திருக்கிறது. ரொம்ப நன்றி.

இதே மாதிரி கட்டணத் தளத்துக்கும் செய்து பார்த்தேன். இங்கே குரோம் 87 என்று இருந்ததை 120 என்று மாற்றினேன். வட்டம் சுற்றுவது நிற்கவில்லை.

கீழக்கரை (இப்போது துபாயில்)

அஸ்ஸலாமு அலைக்கும். அந்த 120-ஐ உடனே எடுத்துவிடுங்கள் தம்பி. முதல் தளம் பெயரை மட்டும் பார்த்தது. இந்த மனிதச் சோதனை வேறு மாதிரி. நீங்கள் சொல்வதும் உங்கள் பிரவுசர் நடந்துகொள்வதும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கும். குரோம் 89 முதல், அதாவது 2021-லிருந்து, பெயரையும் பதிப்பையும் தனி ஹெடராகவும், அதாவது பக்கத்தைக் கேட்கும்போது கூடவே போகும் தனிக் குறிப்பாகவும் அனுப்புகிறது. உங்கள் ஃபால்கனுக்குள் இருப்பது 87, அதற்கு அந்தப் பழக்கமே கிடையாது. 120 என்று சொல்லிவிட்டு அந்த ஹெடர் இல்லாமல் போனால், ஏதோ தானியங்கி நிரல் வேஷம் போடுகிறது என்றுதான் சர்வர் நினைக்கும். பாதுகாப்பு இணைப்பைத் தொடங்கும் முதல் கைகுலுக்கலிலேயே எந்த இன்ஜின் என்று ஓரளவு கண்டுபிடித்துவிட முடியும். எனவே இங்கே பெயரை மாற்றுவது நிலைமையைக் கெடுக்கும்.

உண்மையான பெயரோடு போனாலும் சில சமயம் சுற்றும். 2025 தொடக்கத்தில் பேல் மூன், ஃபால்கன், சீமங்கி போன்ற சிறிய பிரவுசர்காரர்கள் பலர் இதே சோதனையில் மாட்டித் தவித்தார்கள். தப்பு அவர்களிடம் இல்லை. கூட்டத்தில் அரிதாகத் தெரிகிறவர் மீது சந்தேகப்படும்படி அந்தச் சோதனை எழுதப்பட்டிருந்தது.

மூன்று விஷயம் பாருங்கள். லேப்டாப்பின் தேதி, நேரம் சரியா? பழைய லேப்டாப்பில் சின்ன பேட்டரி செத்திருந்தால் தேதி பின்னால் போய்விடும், அப்புறம் பாதுகாப்புச் சான்றிதழே செல்லாது. குக்கீயும் ஜாவாஸ்கிரிப்டும் அந்தத் தளத்துக்கு அனுமதித்திருக்கிறதா? இணையம் போன் ஹாட்ஸ்பாட்டா? மொபைல் நெட்வொர்க்கில் ஏகப்பட்ட பேர் ஒரே ஐபி முகவரியைப் பங்கிட்டுக்கொள்வதால் சோதனை கடுமையாகலாம். பக்கத்தில் யாரிடமாவது கேபிள் இணைப்பு இருந்தால் அதில் முயன்று பாருங்கள்.

அதற்கும் மசியவில்லை என்றால் டெபியனிலேயே வரும் பயர்பாக்ஸ் ஈ.எஸ்.ஆர் (நீண்டகால ஆதரவுப் பதிப்பு) எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொரு காரணமும் உண்டு, இதைக் கவனமாகப் படியுங்கள். டெபியன் 12-ல் க்யூட்டி வெப்இன்ஜினுக்குப் பாதுகாப்பு ஆதரவு இல்லை. பயர்பாக்ஸ் ஈ.எஸ்.ஆருக்குப் பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வருகிறது. அடுத்தவர் ஏ.டி.எம் கார்டு எண்ணும் ஓடிபியும் தட்டும் இடம் உங்கள் கடை. பணம் கட்டும் வேலைக்கு ஃபால்கன் வேண்டவே வேண்டாம்.

தங்கச்சிமடம் கடை

வ அலைக்கும் ஸலாம் காக்கா. தேதி சரியாக இருந்தது. ஹாட்ஸ்பாட்தான். பயர்பாக்ஸ் ஈ.எஸ்.ஆரில் வட்டம் கொஞ்ச நேரம் சுற்றி உள்ளே விட்டுவிட்டது, கட்டணமும் கட்டியாயிற்று. ஆனால் 2 ஜிபியில் பயர்பாக்ஸும் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது. கல்லூரி விண்ணப்பத்தின் அந்த பட்டன் ஃபால்கனில் இன்னும் அமுங்கவில்லை. அதற்கு இன்ஸ்பெக்ட் திறந்து, பக்கத்தின் பிழைகள் தெரியும் கன்சோலைப் பார்த்தேன். சிவப்பில் ஒரு வரி, "ஏட் இஸ் நாட் எ ஃபங்ஷன்" என்று முடிகிறது.

மண்டபம் சர்வீஸ்

அந்தச் சிவப்பு வரியைப் பார்த்ததே நல்லதாயிற்று. இதுதான் உண்மையிலேயே பிரவுசரால் முடியாத கேஸ். "ஏட்" என்பது ஜாவாஸ்கிரிப்டில் ஒரு பட்டியலின் கடைசி உறுப்பை எடுக்கப் பயன்படும் புதிய வசதி. குரோமில் 92-ம் பதிப்பில்தான் வந்தது, உங்களிடம் இருப்பது 87. பெயரை என்ன மாற்றினாலும் இல்லாத வசதி வராது. தளம் செய்த தப்பு என்னவென்றால், முதல் பக்கத்திலேயே சொல்லாமல் எல்லாம் நிரப்ப வைத்துவிட்டுக் கடைசியில் ஊமையாக நின்றது. அதையும் பயர்பாக்ஸிலேயே முடித்துவிடுங்கள்.

வேகத்துக்கு: ரேமில் உள்ளதைச் சுருக்கி வைத்துக் கூடுதல் இடம் தரும் இசட்ரேம் என்ற வசதியை டெபியனில் நிறுவுங்கள். பயர்பாக்ஸில் ஒரு நேரத்தில் ஒரே டேப். ஃபால்கனையும் சேர்த்துத் திறந்து வைக்காதீர்கள்.

பயர்பாக்ஸையும் "குரோம் மட்டும்" என்று தள்ளும் தளம் வந்தால், குரோம் மாஸ்க் என்று ஓர் எக்ஸ்டென்ஷன் உண்டு. நீங்கள் சொல்லும் தளத்தில் மட்டும் குரோம் என்று காட்டும். பயர்பாக்ஸை உருவாக்கும் மொசில்லாவின் அதிகாரபூர்வ ஆட்-ஆன் பக்கத்திலிருந்து மட்டும் எடுங்கள். பெயர் மாற்றும் எக்ஸ்டென்ஷன் எதுவானாலும் தளங்களில் உள்ளதைப் படிக்க அனுமதி கேட்கும். முன்பின் தெரியாததை ஆதார் எண் தட்டும் கம்ப்யூட்டரில் ஏற்றக் கூடாது.

தேவிபட்டினம் அக்கா

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் மகளிர் குழு கம்ப்யூட்டர் விண்டோஸ் 7. அதில் குரோமே இருக்கிறது, ஆனாலும் "புதிய குரோம் வேண்டும்" என்று சொல்கிறது. அப்டேட் கொடுத்தால் ஏறவில்லை. இதுவும் பெயர் மாற்றினால் சரியாகுமா தம்பி?

மண்டபம் சர்வீஸ்

அக்கா, ஆகாது. விண்டோஸ் 7-க்கு வந்த கடைசி குரோம் 109, 2023 ஜனவரியில். அதற்கு மேல் விண்டோஸ் 10 வேண்டும். எண்ணை மாற்றி எழுதிச் சில தளங்களில் நுழையலாம், ஆனால் பாதுகாப்பு ஓட்டை அடைக்காத பிரவுசரில் குழுவின் வங்கிக் கணக்கைத் திறப்பது ஆபத்து. அதில் ஓடும் கடைசி பயர்பாக்ஸ் வரிசை 115 ஈ.எஸ்.ஆர். அதற்குப் பாதுகாப்பு அப்டேட் இன்னும் வருகிறதா என்று பாருங்கள், வந்தால் தற்காலிகத்துக்கு அது உதவும். முடிந்தால் மண்டபம் பக்கம் வரும்போது சி.பி.யுவை எடுத்து வாருங்கள், லினக்ஸ் போட்டுத் தருகிறேன்.

தொண்டி வெப் டெவலப்பர்

நான் தளம் கட்டும் பக்கத்திலிருந்து பேசுகிறேன். ஒரு பிரவுசரின் பெயரைப் பார்த்து வாசலில் நிறுத்துவது சோம்பலான வேலை. சோதிக்க ஆள் இல்லை, நேரம் இல்லை, குரோமில் பார்த்தோம் ஓடியது, அதோடு ஒப்படைத்தோம் என்று போகும் திட்டங்களில்தான் இந்தத் தடை வருகிறது. சரியான வழி, தேவைப்படும் வசதி பிரவுசரில் இருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பது. இல்லையென்றால் அந்தச் சிறு வசதிக்கு மாற்று கொடுப்பது. "ஏட்" மாதிரி ஒன்றுக்கு மாற்று எழுதச் சில வரிகள் போதும். அதற்காக ஒரு மாணவரின் விண்ணப்பம் நிற்கக் கூடாது.

எனக்கு ஒரு கவலை உண்டு. எல்லோரும் குரோம் வேஷம் போட்டே காரியத்தை முடித்துக்கொண்டால், தளத்தின் கணக்கில் குரோம் மட்டும்தான் தெரியும். "பாருங்கள், வேறு யாரும் வரவில்லையே" என்று அதையே காரணமாகக் காட்டுவார்கள். அதனால் வேலையை முடித்த கையோடு புகாரும் எழுதுங்கள். பயர்பாக்ஸில் மட்டும் கோளாறு என்றால் மெனுவிலேயே உடைந்த தளத்தைத் தெரிவிக்கும் வசதி இருக்கிறது. அந்தப் புகார்களை மொசில்லாவில் ஆள் பார்க்கிறார்கள். சில தளங்களுக்கு அவர்களே பிரவுசருக்குள் தீர்வு வைத்து அனுப்புவதும் உண்டு. முகவரிப் பட்டையில் அபவுட் காம்பாட் என்று ஆங்கிலத்தில், நடுவில் முக்காற்புள்ளி வைத்து அடித்தால் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம்.

அரசுத் தளம் என்றால் பிடிமானம் இன்னும் உறுதி. இந்திய அரசு இணையதளங்களுக்கான வழிகாட்டி நெறிகள் 2009-லேயே வந்துவிட்டன. தளத்தைப் பல பிரவுசர்களில் சோதிக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. மாநிலத் துறையாக இருந்தால் முதல்வரின் முகவரி வழியாகவோ 1100-ல் அழைத்தோ கொடுக்கலாம். மத்தியத் துறைக்கு சி.பி.கிராம்ஸ் என்ற மத்திய அரசின் குறைதீர் தளம்.

தங்கச்சிமடம் கடை

புகாரில் என்ன எழுத வேண்டும் அண்ணே? "உங்கள் தளம் வேலை செய்யவில்லை" என்று போட்டால் "குரோமில் பாருங்கள்" என்று முடித்துவிடுவார்களே.

தொண்டி வெப் டெவலப்பர்

சரியாகச் சொன்னீர்கள், அதனால்தான் ஆதாரத்தோடு எழுத வேண்டும். சான்றிதழ் தளத்துக்கு இப்படிப் போடுங்கள், இடத்தை மட்டும் நிரப்பிக்கொள்ளலாம்:

"தங்கள் தளத்தின் ........ பக்கத்தை ........ தேதி ........ மணிக்கு டெபியன் 12, ஃபால்கன் பிரவுசரில் திறந்தபோது, பிரவுசர் ஆதரிக்கப்படவில்லை என்ற செய்தியுடன் சேவை மறுக்கப்பட்டது. ஸ்கிரீன்ஷாட் இணைத்துள்ளேன். பிரவுசர் அனுப்பும் யூசர் ஏஜென்ட் வரியில் பிரவுசரின் பெயரை மட்டும் நீக்கிய பிறகு, அதே பிரவுசரில் விண்ணப்பம் முழுமையாக நிறைவேறி ரசீதும் கிடைத்தது. எனவே தடை பிரவுசரின் திறனால் ஏற்பட்டதல்ல, பெயரைச் சரிபார்க்கும் நிரலால் ஏற்பட்டது. அந்தச் சரிபார்ப்பை நீக்கவோ, எச்சரிக்கை காட்டிவிட்டுத் தொடர அனுமதிக்கவோ வேண்டுகிறேன்."

"எச்சரிக்கை காட்டிவிட்டுத் தொடர அனுமதி" என்ற வரியை விட்டுவிடாதீர்கள். எல்லாப் பிரவுசரையும் ஆதரியுங்கள் என்றால் நிதி, ஆள், டெண்டர் என்று பதில் வரும். தடுக்காமல் விடுங்கள் என்று கேட்டால் அவர்கள் நீக்க வேண்டியது ஒரு நிபந்தனை வரி. விண்ணப்பதாரரின் பெயரும் எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டில் தெரியாமல் மறைத்து அனுப்புங்கள்.

தங்கச்சிமடம் கடை

எழுதி அனுப்பிவிட்டேன், பதிவு எண் வந்துவிட்டது. கல்லூரிக்கும் அந்தச் சிவப்பு வரியோடு தனியாக ஒரு மெயில் போட்டிருக்கிறேன். அவர்களிடமிருந்து பதில் வந்தால் இங்கேயே போடுகிறேன்.