கல்லூரியில் படிக்கக் கற்றுக்கொடுத்தவர்கள்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

மெக்கானிக்கல், விழுப்புரம் மாவட்டம்

நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் தமிழ்வழி. 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் பொறியியல் கிடைத்தது. கட்டணத்தை அரசே ஏற்றுக்கொண்டதால் வீட்டில் பணக் கவலை இல்லை. ஆனால் முதல் செமஸ்டரில் வகுப்பு முழுக்க ஆங்கிலம். எம்-ஒன் (முதல் செமஸ்டர் கணிதம்) வகுப்பில் போர்டில் இருப்பதை எழுதி முடிப்பதற்குள் அடுத்த கணக்கு ஆரம்பித்துவிடும்.

விடுதியில் எதிர் அறையில் மூன்றாமாண்டு சிவில் அண்ணன் ஒருவர் இருந்தார். அவரும் தமிழ்வழியில் வந்தவர். சாப்பிட்டு முடித்ததும் எங்கள் அறைக்கு வருவார். "புத்தகத்தை மூடு. இன்னைக்கு எம்-ஒன்ல என்ன நடந்துச்சுன்னு இந்தத் தாள்ல எழுது" என்பார். அவ்வளவுதான் அவருடைய முறை. ஆரம்பத்தில் நாலு வரிகூட வராது. வராமல் நின்ற இடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவார். அந்த வட்டத்துக்குரிய பகுதியை மட்டும் புத்தகத்தில் தேடிப் படிக்க வேண்டும். தெரிந்த பகுதியைத் திரும்பத் திரும்பப் படிக்க விடமாட்டார்.

"தமிழ்லயே எழுதலாமா அண்ணே?" என்று கேட்டேன். "முதல்ல புரியட்டும். இன்னைக்குத் தமிழ்ல எழுது, நாளைக்கு அதையே இங்கிலீஷ்ல எழுது" என்றார். அணிகள் பாடத்தில் வரும் கேலி–ஹாமில்டன் தேற்றத்தை அப்படித்தான் படித்தேன். ஒரு சதுர அணி தன் சிறப்பியல்புச் சமன்பாட்டைத் தானே நிறைவு செய்யும் என்று எழுதிக் காட்டினால், "சரி, அதனால என்ன லாபம்?" என்று கேட்பார். நேர்மாறு அணியை அதிலிருந்தே எடுத்துவிடலாம் என்று நான் போட்டுக் காட்டும்வரை எழுந்து போகமாட்டார். இன்னொரு யோசனையும் அவருடையதுதான்: பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைத் தூக்கிப் போடாதே. அணிகள், பகுதி வகைக்கெழு, தொகை நுண்கணிதம் எல்லாம் அதில் தமிழில் இருக்கின்றன. எம்-ஒன் பாடத்துக்கு முன்னால் அந்த அத்தியாயத்தை ஒருமுறை புரட்டிவிட்டுப் போனால் வகுப்பில் பாதி வார்த்தைகள் பழகியவையாக இருக்கும். தமிழ்வழியில் வரும் தம்பி தங்கைகள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

வினாத்தாளையும் அவர்தான் பிரித்துக் காட்டினார். இரண்டு மார்க் பத்து, பதிமூன்று மார்க் ஐந்து, பதினைந்து மார்க் ஒன்று. பதிமூன்று மார்க்கில் சாய்ஸ் உண்டுதான், ஆனால் இரண்டு கேள்வியும் ஒரே யூனிட்டிலிருந்து வரும். ஒரு யூனிட்டை அப்படியே விட்டால் பதிமூன்றும் அதன் இரண்டு மார்க் கேள்விகளும் சேர்ந்து போய்விடும். அதனால் "நாலு யூனிட் முழுசா, ஒண்ணு சாய்ஸ்ல" என்ற திட்டம் அவரிடம் செல்லாது. ஐந்திலும் அடிப்படைக் கணக்குகள் வரவேண்டும், அதன் பிறகுதான் மூன்று யூனிட்டை ஆழமாகப் படிக்கலாம். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 ரெகுலேஷனில் (பாடத்திட்ட விதிகளில்) இன்டர்னலுக்கு, அதாவது கல்லூரி உள்தேர்வுகளுக்கு, 40 மார்க் என்பதால் முதல் இன்டர்னலுக்கே இப்படித் தயாராகச் சொன்னார். மாடல் எக்ஸாம் வரை காத்திருக்கக் கூடாது என்பதில் கறாராக இருந்தார்.

அவர் எங்களிடம் செலவழித்த அந்த ராத்திரிகளுக்கு நான் என்றைக்கும் கடன்பட்டவன்.

பி.காம்., அரக்கோணம்

எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் யார் என்றே தெரியாது. வீட்டில் படிக்க இடம் போதாது. வார இறுதியில் ரயிலேறி கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் போய்விடுவேன். சொந்தப் புத்தகம் கொண்டுவந்து படிப்பதற்கென்றே அங்கே தனிப் பகுதி உண்டு. டிஎன்பிஎஸ்சிக்குத் தயாராகிறவர்கள் நிறைய பேர் வருவார்கள். அதில் ஒரு அக்கா, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் பழைய வினாத்தாளை எடுத்தார் என்றால் நேரம் முடியும்வரை தலை நிமிரமாட்டார். முடிந்ததும் சிவப்புப் பேனாவால் தானே திருத்துவார். படிக்கிற நேரத்தைவிடத் திருத்துகிற நேரம் அவருக்கு அதிகம். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஏன் தப்பு என்று ஒரு வரி எழுதுவார்.

ஒருநாள் என் காஸ்ட் அக்கவுண்டிங் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "விடையை மறைச்சுட்டுப் போட்டுப் பாரு தம்பி" என்றார். தீர்த்த கணக்கைப் பார்க்கும்போது எல்லாம் புரிந்த மாதிரிதான் இருக்கும். பேனாவை எடுத்து ப்ராசஸ் அக்கவுண்ட் (உற்பத்தியின் ஒவ்வொரு கட்டத்துக்குமான செலவுக் கணக்கு) போடும்போதுதான் அப்நார்மல் லாஸ் (வழக்கத்துக்கு மேலான இழப்பு) எந்தப் பக்கம் வரும் என்று கை நிற்கும். அதிலிருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் பழைய வினாத்தாள் வாங்கி, மணி பார்த்து முழுத் தாளையும் எழுதிப் பார்க்கிறேன். போகவர ரயிலில் தியரி மட்டும். ரயிலில் கணக்கு போடுவது நடக்கிற காரியமில்லை, முயற்சி செய்யாதீர்கள்.

கல்லூரி ஆசிரியர், கோவை

மேலே தம்பி சொன்ன அந்தச் சிவில் அண்ணன் செய்ததற்கு ஆராய்ச்சி ஆதாரமே இருக்கிறது. 2006இல் ரோடிகர், கார்பிக் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மாணவர்களிடம் ஒரு பத்தியைக் கொடுத்துச் சோதித்தார்கள். ஒரு பகுதியினர் அதையே மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது மறுபடி படித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது நிலைமை தலைகீழ்: பார்க்காமல் எழுதியவர்களுக்குத்தான் அதிகம் நினைவிருந்தது. தேர்வுக்கு முந்தின ராத்திரி முழுக்கப் படித்த பாடம் அடுத்த செமஸ்டரில் காணாமல் போவதை நான் வருஷா வருஷம் பார்க்கிறேன், அதனால் எனக்கு இதில் ஆச்சரியமில்லை.

நான் சொல்ல வந்தது வேறு. "எதுவுமே புரியலைங்க மேம்" என்று வருகிற பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்குவது என்று ஆசிரியருக்கும் தெரியாது. ஒரு மாணவி கசங்கிய தாள் ஒன்றைக் கொண்டுவந்தாள். "மூணாவது வரி வரைக்கும் வருதுங்க மேம். நாலாவது எப்படி வந்துச்சுன்னு தெரியலைங்க" என்றாள். பிரச்சினை நாலாவது வரியில் இல்லை, பள்ளியில் விட்டுப்போன லாகரிதம் விதி ஒன்றில். ஒரு இடைவேளை நேரம் போதுமானதாக இருந்தது. அப்புறம் வாரம் தவறாமல் வந்தாள், ஒவ்வொரு முறையும் தாளோடு. ஆசிரியர் அறைக்குள் வரத் தயங்காதீர்கள். எங்கே நின்றது என்று காட்டும் ஒரு தாள் இருந்தால் எங்கள் வேலையும் சுலபம். இன்டர்னலுக்கு முந்தின நாள் வராமல், பாடம் நடந்த வாரத்திலேயே வாருங்கள்.

நர்சிங், மதுரை

எல்லோரும் புரிந்து படிப்பதைப் பற்றிச் சொல்கிறீர்கள். எங்கள் படிப்பில் மனப்பாடமும் வேண்டும். மண்டை நரம்புகள் பன்னிரண்டையும் வரிசையாகச் சொல்லத்தான் வேண்டும், மருந்தின் அளவை யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது.

எனக்கு வழிகாட்டியவர் வார்டில் இருந்த ஒரு மூத்த சிஸ்டர். கல்யாணப் பத்திரிகைகளைத் துண்டு துண்டாக வெட்டி, அச்சில்லாத பின்பக்கத்தில் கேள்வியை எழுதச் சொன்னார். அச்சுள்ள பக்கத்தில் வெள்ளைத் தாள் ஒட்டி விடையை எழுத வேண்டும். மூன்று கட்டு: தெரியாதது தினமும், தடுமாறுவது இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, நன்றாகத் தெரிந்தது வாரம் ஒருமுறை. தெரிந்த கட்டிலிருக்கும் அட்டையில் ஒருமுறை தப்பினாலும் அது மறுபடி தினசரிக் கட்டுக்கு வந்துவிடும். பேருந்துக்கு நிற்கும் நேரத்தில் ஒரு கட்டு முடிந்துவிடும்.

இறுதியாண்டு முடிக்கும்போது ஜூனியர் பிள்ளைகள் என் அட்டைகளைக் கேட்டார்கள். கேள்வியைத் தானே எழுதுவதில்தான் பாதிப் படிப்பு நடக்கிறது என்று அவர்களிடம் சொல்லி, வெட்டி வைத்திருந்த எழுதாத அட்டைகளை மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன்.