மறு: காசு வாங்கும் 'அமெச்சூர்' – தமிழில் என்ன சொல்வது?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

சம்பளம் வாங்காத 'அமெச்சூர்' என்று பெயர், ஆனால் ஆட்டக்காரர் கையில் மறைவாகக் காசு: இந்த ஏற்பாட்டுக்குத்தான் தமிழ்ச்சொல் தேடுகிறோம். இழையில் இதுவரை வந்தவை மூன்று: போலிப் பயில்முறை (பயில்முறை என்றால் அமெச்சூர் முறை), பழுப்புப் பயில்முறை, மறைவூதியம். மூன்றிலும் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஏன் என்று சொல்ல, ரியோ டி ஜெனிரோவின் வாஸ்கோ ட காமா கழகத்தின் கதைக்குள் கொஞ்சம் போக வேண்டும். பிரேசில் கால்பந்து வரலாற்றை எழுத உட்கார்ந்தால் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பக்கம் நகராது.

1898இல் போர்த்துகீசியக் குடியேறிகள் படகுப்போட்டிக்கென்று தொடங்கிய கழகம் அது. கால்பந்து பிறகுதான் வந்தது. 1922இல் இரண்டாம் பிரிவை வென்று மேலேறியவர்கள், முதல் பிரிவில் கால்வைத்த 1923ஆம் ஆண்டிலேயே வாகை சூடிவிட்டார்கள். மற்ற பெரிய கழகங்களில் ஆடியவர்கள் பெரும்பாலும் வசதியான வீட்டுப் பிள்ளைகள். வாஸ்கோவின் கோல்காவலர் நெல்சன் வாடகைக் கார் ஓட்டினார். செசி சுவருக்கு வண்ணம் அடிப்பவர். நிக்கோலினோ துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். கறுப்பர், கலப்பினத்தவர், ஏழை வெள்ளையர் எல்லாரும் ஒரே அணியில் நின்றார்கள்.

ஆட்டத்துக்குக் காசு வாங்கக் கூடாது என்பது அன்றைய விதி. பகல் முழுக்க மூட்டை தூக்குகிறவர் பயிற்சிக்கு எப்போது வருவார்? கழகத்து வணிகர்கள் தங்கள் கடை ஏட்டில் இவர்கள் பெயரைப் பணியாளராக எழுதிக்கொண்டார்கள். வென்றால் கையில் தனியாகக் காசு. அதற்கு 'பிஷோ', அதாவது விலங்கு, என்று பெயர். ஊரில் நடந்த, எண்களுக்கு விலங்குப் பெயர் வைத்து ஆடும் சூதாட்டத்தை ஒட்டி, 5 மில்ரெய்ஸ் (அன்றைய பிரேசில் நாணயம்) என்றால் நாய், 10 என்றால் முயல், 20 வான்கோழி, 50 சேவல், 100 பசு என்று கணக்கு வைத்தார்களாம். இன்றும் பிரேசிலில் வெற்றிக்குத் தரும் தொகை 'பிஷோ'தான்.

1924இல் பெரிய கழகங்கள் பிரிந்துபோய் 'அமேயா' என்ற புதிய கூட்டமைப்பைத் தொடங்கின. வாஸ்கோ சேர வேண்டுமானால் 12 ஆட்டக்காரர்களை நீக்க வேண்டும் என்றார்கள். இவர்களுக்குத் தகுந்த தொழில் இல்லை என்பது குற்றச்சாட்டு. எழுதப்படிக்கத் தெரியாதவர்களும் விதியில் அடிபட்டார்கள். வாஸ்கோ தன் ஆட்களுக்கு எழுத்துக் கற்பித்தது அதனால்தான். தலைவர் ஜோசே அகஸ்டோ பிரெஸ்டெஸ் ஏப்ரல் 7 அன்று கடிதம் எழுதினார்: அந்தப் பன்னிருவரையும் விட்டுக்கொடுக்க மாட்டோம், அமேயாவில் சேரவும் மாட்டோம். படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு நிமிரும் கடிதம் அது.

இப்போது சொற்களுக்கு வருகிறேன். 'போலி' என்று எழுதினால் நாமும் அமேயாவின் பக்கம் போய் நின்றுவிடுகிறோம். பொய் அந்த விதியில் இருந்தது, நிக்கோலினோவிடம் இல்லை. அந்த விதியும் நிலைக்கவில்லை. 1933இல் ரியோவின் பெரிய கழகங்களே தொழில்முறையை ஏற்றுக்கொண்டன. 'பழுப்பு' என்பது பிரேசிலில் இந்த ஏற்பாட்டைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லின் நேர்ப்பெயர்ப்பு. பிரெஞ்சிலும் அதே வழக்கு உண்டு. அங்கே 'மரோன்' என்ற அந்தச் சொல்லுக்கு நிறத்தைத் தவிர, உரிமமில்லாமல் தொழில் செய்பவர் என்ற பொருளும் உண்டு. தமிழில் பழுப்பு என்றால் இலைதான் நினைவுக்கு வரும். 'மறைவூதியம்' கிட்டே வருகிறது. ஆனால் 'மறைவு' என்றதும் இரங்கல் செய்தி போலிருக்கிறது. 'ஊதியம்' மாதச் சம்பளத்தையும் குறிக்கும். இதுவோ ஆட்டத்துக்கு ஆட்டம் கைமாறிய காசு.

ஆகவே என் முன்மொழிவு: மறைகூலி. 'மறை' என்றால் வேதமும் ஆகுமே என்று கேட்கலாம். கண்காணிப்புக் கேமராவுக்கு 'மறைகாணி' நிலைத்துவிட்டது, அதில் யாரும் வேதத்தைத் தேடவில்லை.

---

வணக்கம் ஐயா.

வாஸ்கோ கதையைச் சொன்னதற்கு நன்றி. 'போலி' வேண்டாம் என்பதில் உங்களோடு முழு உடன்பாடு. 'கூலி' மட்டும் வேண்டாம். மலையகத்தில் அந்தச் சொல்லை எங்கள் மேல் வசையாக எறிந்திருக்கிறார்கள். அந்தப் பன்னிருவரைக் கௌரவமாகப் பேசும் இடத்தில் அதை வைக்க எனக்கு மனம் வராது. போதாததற்கு 'கூலிப்படை'யும் பக்கத்திலேயே நிற்கிறது.

பயணப்படி, அகவிலைப்படி என்கிறோமே, அந்தப் 'படி' சரிவருமா? சம்பளம் அல்லாமல் ஒரு காரணத்துக்காகத் தரும் தொகை. படியளப்பது என்ற பழைய வழக்கும் பின்னால் இருக்கிறது. மறைபடி?

---

அம்மா, வணக்கம்.

'படி' என்னுடையதைவிடப் பொருத்தம். 'பிஷோ'வுக்கும் வழி கிடைத்துவிட்டது: வெற்றிப்படி. ஒன்று மட்டும் கவனிக்க வேண்டும். வினைத்தொகை என்பதால் ஒற்று மிகாது. 'மறைப்படி' என்று எழுதினால் வேதத்தின்படி என்று ஆகிவிடும்.

கலைச்சொல் வரைவில் இப்படிச் சேர்க்கிறேன். மறுப்பு இருந்தால் இந்த இழையிலேயே எழுதுங்கள்.

மறைபடி முறை: சம்பளம் தடைசெய்யப்பட்ட விளையாட்டில் ஆட்டக்காரருக்கு வெளியே தெரியாமல் காசோ பெயரளவிலான வேலையோ கொடுக்கும் ஏற்பாடு. எ-டு: 1933க்கு முன் ரியோ கால்பந்தில் மறைபடி முறை நிலவியது.