பங்களிப்பாளர்களுக்கு எழுதும் அனுமதியை எந்த அளவுக்குக் கொடுக்கலாம்?

கேள்வி
வணக்கம். நாங்கள் நால்வர் பராமரிக்கும் சிறிய திறமூல நிரலகத்தின் களஞ்சியம், நிரல்களைச் சேமித்துப் பகிரும் கிட்ஹப் தளத்தில் என் தனிக் கணக்கில் உள்ளது. தொடர்ந்து நல்ல திருத்தங்கள் அனுப்பிவந்த ஐந்து பேர் ஒவ்வொரு முறையும் எங்களுக்காகக் காத்திருக்க வேண்டாமே என்றெண்ணி, அவர்களுக்கும் எழுதும் அனுமதி கொடுத்தோம். சென்ற வாரம் அவர்களுள் ஒருவர் ரீபேஸ் (தன் மாற்றங்களை வேறொரு அடிப்படையின் மேல் மீண்டும் அடுக்குதல்) செய்துவிட்டு, தவறுதலாக மெயின் (முதன்மை) கிளையின் மீதே ஃபோர்ஸ் புஷ் செய்ததில் (அங்கிருப்பதை அழித்து எழுதும்படி வலிந்து அனுப்பியதில்), மற்றவர்களுடைய 11 கமிட்டுகள் (பதிவுசெய்த மாற்றங்கள்) மறைந்துவிட்டன. அவர் மிகவும் வருந்துகிறார். அவரை விலக்க எனக்கு மனமில்லை. கமிட்டுகளை மீட்க முடியுமா? இனி அனுமதிகளை எப்படி வகுப்பது?

மறுமொழி 1
மீட்கலாம். அந்த கமிட்டுகளை முன்பே ஃபெட்ச் செய்திருந்த (தன் கணினிக்கு இறக்கியிருந்த) எவருடைய கணினியிலும் அவை இன்னும் இருக்கும். அவர் ஆரிஜின்/மெயின் கிளையின் (கிட்ஹப்பிலுள்ள மெயின் கிளையைத் தன் கணினியில் குறிக்கும் பெயர்) ரெஃப்லாக்கை, அதாவது அக்கிளை முன்பு எந்தெந்த கமிட்டில் இருந்தது என்ற பதிவேட்டைப் பார்த்து, பழைய கமிட்டின் அடையாள எண்ணிலிருந்து புதிய கிளை ஒன்றை உருவாக்கினால் போதும். எந்தக் கிளையிலிருந்தும் எட்ட முடியாத கமிட்டுகளின் ரெஃப்லாக் பதிவுகளை, அமைப்பை மாற்றாதவரை, கிட் (மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் மென்பொருள்) 30 நாள்தான் வைத்திருக்கும். ஆகவே இன்றே செய்துவிடுங்கள்.

அடுத்து, மெயின் கிளைக்குப் பாதுகாப்பு விதி இடுங்கள். பொதுக் களஞ்சியங்களுக்கு இதற்குக் கட்டணமில்லை. விதி இட்டதும் ஃபோர்ஸ் புஷ் தடைபடும். புல் ரிக்வெஸ்ட்டும் (மாற்றத்தைச் சேர்க்கும்படி கேட்கும் கோரிக்கை) இன்னொருவரின் ஒப்புதலும் இன்றி எதுவும் சேராதபடியும் செய்யலாம். நிர்வாகிகளும் விதியை மீறக்கூடாது என்ற தேர்வைத் தனியாக இயக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. நண்பர் செய்த பிழையை நாளை நீங்களும் செய்யக்கூடும் என்பதால், அதை அவசியம் இயக்குங்கள்.

மறுமொழி 2
களஞ்சியத்தை ஒரு நிறுவனக் கணக்குக்கு மாற்றுவது நல்லது. தனிக் கணக்கில் உரிமையாளர், கூட்டுப்பங்காளர் என்ற இரண்டு நிலைகள்தான் உண்டு. நிறுவனக் கணக்கிலோ, நிரலைத் தொடாமல் இஷ்யூக்களை (பயனர்கள் பதியும் பிழைகள், கோரிக்கைகள்) மட்டும் ஒழுங்குசெய்யும் ட்ரையாஜ் நிலையும் கிடைக்கும். நல்ல திருத்தம் அனுப்ப எழுதும் அனுமதியே தேவையில்லை. ஃபோர்க் செய்து (களஞ்சியத்தின் நகலைத் தன் கணக்கில் எடுத்து) அதிலிருந்து புல் ரிக்வெஸ்ட் அனுப்பினால் போதும்.

மறுமொழி 3
மேலே சொன்னவை தவறுதலைத் தடுக்கும். நான் அதைவிடக் கவலைப்படுவது வெளியீட்டு உரிமையைப் பற்றித்தான். எக்ஸ்இசட் என்ற கோப்புச் சுருக்கும் மென்பொருள் திட்டத்தில் ஈராண்டுக்கும் மேலாகப் பொறுமையாகப் பங்களித்து, இடையில் இணைப் பராமரிப்பாளரும் ஆன ஒருவர், 2024இல் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்கதவு (மறைவாக உள்ளே நுழையும் வழி) வைத்தார். தீங்கான கோப்புகள் சோதனைத் தரவு என்ற போர்வையில் களஞ்சியத்திலேயே இருந்தன. அவற்றை இயக்கிவிடும் வரிகளோ வெளியீட்டுத் தொகுப்பில் மட்டும் சேர்க்கப்பட்டிருந்தன. எஸ்எஸ்எச் (தொலைக் கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) நுழைவு அரை நொடி தாமதமானதைக் கண்டு துருவிய மென்பொருள் பொறியாளர் ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் அதை அந்த மார்ச் மாதம் வெளிப்படுத்தினார். ஆகவே மெர்ஜ் செய்யும் (மாற்றங்களை மெயின் கிளையில் இணைக்கும்) உரிமையையும் வெளியிடும் உரிமையையும் பிரித்துவையுங்கள். தொகுப்பை எவருடைய கணினியிலும் கட்டாமல், டேக் (பதிப்புக் குறி) இடப்பட்ட கமிட்டிலிருந்து தானியங்கியாகக் கட்டுங்கள்.

கேட்டவர்
அனைவருக்கும் நன்றி. ஒருவருடைய மடிக்கணினியிலிருந்து 11 கமிட்டுகளும் கிடைத்துவிட்டன. பாதுகாப்பு விதியும் இட்டுவிட்டோம். அதன் கீழ் வந்த முதல் புல் ரிக்வெஸ்ட்டை, வருந்திய அந்த நண்பரே சரிபார்த்து ஒப்புதல் அளித்தார். நிறுவனக் கணக்குக்கு இந்த வாரம் மாறுகிறோம்.