அப்பத்தா வீட்டு போன்: மணி போகிறது, யாரும் எடுக்கவில்லை

கலா: மாமா, விடிந்ததிலிருந்து தாண்டிக்குடியில் அத்தை வீட்டு போனுக்கு அடித்துக்கொண்டே இருக்கிறேன். மணி போகிறது, அத்தை எடுக்கவே இல்லை.

லட்சுமி: என்ன கலா சொல்கிறாய்

கலா: ஆமாம் மதினி. ஒவ்வொரு தடவையும் முழு மணியும் அடித்துத் தானாக கட் ஆகிறது.

தேவி: நேற்று லட்சுமி அத்தை அடித்தபோது எங்கேஜ் என்றார்களே?

லட்சுமி: நேற்று சாயங்காலம் முழுக்க எங்கேஜ். அம்மா யாரோடு அவ்வளவு நேரம் பேசினார்களோ. மருமகள் என்றால்தான் அவர்களுக்கு நேரம் போவது தெரியாது.

கலா: நான் நேற்று பேசவே இல்லை மதினி. அவரைக் கேளுங்கள்.

முருகன்: பேசவில்லை அக்கா

லட்சுமி: நான் பொதுவாகச் சொன்னேன்.

ஜோதி: ஒன்று சொன்னால் பயப்படக் கூடாது. வத்தலக்குண்டிலிருந்து பால்காரர் மச்சினன் வந்தான். தாண்டிக்குடிப் பக்கம் மழையில் ஒரு வயதான அம்மா வழுக்கி விழுந்துவிட்டதாக பஸ்ஸில் பேசிக்கொண்டார்களாம்.

லட்சுமி: ஐயோ

லட்சுமி: அண்ணே எங்கே? கார் எடுக்கச் சொல்லுங்கள்

கலா: பாண்டிக்கும் அனுப்பினேன். ஒரு டிக்தான் விழுகிறது.

தேவி: அவனுக்குப் பள்ளிக்கூட மேட்டுக்கு வந்தால்தான் டவர் கிடைக்கும் அம்மா

செல்வராஜ்: எல்லோரும் கொஞ்சம் நிதானமாக இருங்கள். ஜோதி, உறுதியாகத் தெரியாமல் இங்கே எதையும் போடாதே. இப்போது நான் சொல்வதைக் கேளுங்கள். நாம் நம்பர் போட்டதும் காதில் கேட்கும் மணி, அம்மா வீட்டில் அடிக்கிற மணி இல்லை. அது எக்ஸ்சேஞ்ச் நமக்குக் கேட்கவிடும் சத்தம். வீட்டில் போன் அடிக்கிறதா என்று எக்ஸ்சேஞ்சுக்குத் தெரியாது. அது லைனில் மணி மின்சாரத்தை அனுப்பும், ரிசீவரை எடுத்தால் ஓடும் கரண்டுக்காகக் காத்திருக்கும், அவ்வளவுதான். நடுவில் கம்பி அறுந்து கிடந்தால் அந்த மணி வீட்டுக்குப் போகாது, ஆனால் நமக்கு மட்டும் அழகாக டிரிங் டிரிங் கேட்கும். அதனால் மணி போகிறது, எடுக்கவில்லை என்பதை வைத்து அம்மாவுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முடிவு கட்ட முடியாது.

லட்சுமி: அப்போது எங்கேஜ்?

செல்வராஜ்: அதுதான் எனக்கு முக்கியமான துப்பு. ரிசீவரை எடுத்தால் போன் என்ன செய்கிறது? இரண்டு கம்பியையும் உள்ளுக்குள் சேர்த்துக் கரண்ட் ஓட விடுகிறது. எக்ஸ்சேஞ்ச் அதை வைத்துத்தான் ஆள் பேசுகிறார் என்று எடுத்துக்கொள்ளும். போகிற வழியில் இரண்டு கம்பியும் ஒன்றோடொன்று உரசினாலும் அதே கரண்ட் ஓடும், அதே எங்கேஜ் சத்தம்தான் உனக்குக் கேட்கும். ஆக நேற்று அம்மா யாரோடும் பேசவில்லை. நேற்று சாயங்காலம் கம்பி ஷார்ட், இன்று காலை கம்பி கட். ஒரே இடத்துக் கோளாறு இரண்டு கட்டமாக நடந்திருக்கிறது என்று நினைக்கிறேன். நேற்று மேலே மழையா?

முருகன்: கொடைக்கானல் மலை முழுக்க மழை அண்ணே. காற்றும்

கலா: பார்த்தீர்களா மதினி

லட்சுமி: சரி சரி

கார்த்தி: பெரிய மாமா, அம்மாச்சி நன்றாக இருக்கிறார்களா என்பதுதான் முதலில் தெரிய வேண்டும். யாராவது கடைக்காரர் நம்பர்?

தேவி: எஸ்டேட் ரேஷன் கடை அண்ணனுக்கு அடித்தேன். நாட் ரீச்சபிள்.

ஜோதி: பஸ்ஸில் பேசிக்கொண்டதாகத்தான் நானும் சொன்னேன், நானாகச் சொல்லவில்லை

பாண்டி: அத்தை

பாண்டி: அப்பத்தா நன்றாக இருக்கிறார்கள்

பாண்டி: களத்தில் உட்கார்ந்து காப்பிப் பழம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் காப்பி போட எழுந்தார்கள்

லட்சுமி: 🙏🙏🙏 முருகா

கலா: மாத்திரை போட்டார்களா?

பாண்டி: கேட்டேன். போட்டாயிற்று, உன் வேலையைப் பார் என்றார்கள்

பாண்டி: போனில் சத்தமே இல்லை. டயல் டோன் இல்லை

ஜோதி: விழுந்த அம்மா யார் என்று விசாரி பாண்டி

செல்வராஜ்: ஜோதி.

செல்வராஜ்: பாண்டி, மோட்டார் ரிப்பேருக்கு நீ வைத்திருக்கும் மீட்டர் இருக்கிறதா?

பாண்டி: இருக்கிறது பெரியப்பா

செல்வராஜ்: நல்லது. முதலில் முருகன் வாங்கிக் கொடுத்த அந்தக் கார்ட்லெஸ் போனைக் கழற்றி ஓரமாக வை. பெட்ரூம் எக்ஸ்டென்ஷனையும் கழற்று. எலி கடித்தால் அதுவே லைனைக் கெடுக்கும். சுவரில் இருக்கும் வெள்ளை ரோசெட் டப்பியைத் திற. வெளியிலிருந்து வரும் இரண்டு கம்பி இரண்டு திருகில் மாட்டியிருக்கும். மீட்டரை டிசி 200 வோல்ட்டுக்குத் திருப்பி இரண்டு திருகிலும் வை. 48 வோல்ட்டுக்கு அக்கம்பக்கமாக எதைக் காட்டினாலும் லைன் வீடு வரைக்கும் நன்றாக இருக்கிறது, கோளாறு போனில். அது இல்லை என்றால் கோளாறு வெளியே. மைனஸ் போட்டுக் காட்டினால் பயப்படாதே. எக்ஸ்சேஞ்சில் பாட்டரியின் பிளஸ் முனையை எர்த்தோடு சேர்த்திருப்பார்கள், லைனுக்கு வருவது மைனஸ் 48. ஈரத்தில் செம்பு அரித்துப் போகாமல் இருக்கத்தான் அப்படி. இடி மின்னல் இருந்தால் எதையும் தொடாதே, வானம் வெளுத்த பிறகு பார்.

பாண்டி: சரி பெரியப்பா. கீழே வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு மறுபடி மேட்டுக்கு வந்து சொல்கிறேன்

முருகன்: கார்ட்லெஸ் நல்ல போன்தான் அண்ணே

செல்வராஜ்: நல்ல போன்தான், ஆனால் கரண்ட் போனால் அது செத்துவிடும். மலையில் கரண்ட் போகும்போதுதான் அம்மாவுக்கு போன் வேண்டும். பழைய பட்டன் போன் லைனில் வரும் கரண்டிலேயே பேசும்.

தேவி: பெரியப்பா, இந்த ஞாயிறு காதுகுத்துக்கு மண்டபத்தில் எத்தனை பேர் என்று சொல்லச் சொன்னார்கள்

கலா: முதலில் இது முடியட்டும் தேவி

லட்சுமி: நாங்கள் ஆறு பேர். சாப்பாட்டில் அந்தத் தடவை மாதிரி பாயசம் கடைசிப் பந்திக்கு இல்லாமல் போகக் கூடாது

கலா: அது சமையல்காரர் அளவு மதினி

செல்வராஜ்: சும்மா சொல்லவில்லை, இளைய பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். நான் டெலிபோன் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் மலைக் கிராமத்தில் போன் என்றால் கனவு. சீ-டாட் என்ற அரசு தொலைத்தொடர்பு ஆராய்ச்சி நிறுவனம் 1984ல் ஆரம்பித்தது. அவர்கள் செய்த 128 போர்ட் (இணைப்பு முனை) கிராம எக்ஸ்சேஞ்ச் 1986ல் கர்நாடகத்தில் கித்தூரில் முதலில் ஓடியது. ஏர்கண்டிஷன் வேண்டாம், ஒரு சின்ன அறை போதும். வெயிலிலும் தூசியிலும் ஓடும்படி நம் ஆட்களே செய்த சாமான். அது வந்த பிறகுதான் நம் பக்கமெல்லாம் மூலை முடுக்குக்கு டயல் டோன் வந்தது. அப்பா இறந்தபோது எனக்குத் தந்திதான் வந்தது. தந்தியும் 2013 ஜூலையோடு நின்றுவிட்டது. அம்மா கையில் இருக்கிற அந்த போனை நான் லேசாக நினைக்க மாட்டேன்.

கார்த்தி: புரிகிறது மாமா

லட்சுமி: அப்பா தந்தி உனக்கு மட்டுமா வந்தது அண்ணே. எனக்கு மறுநாள்தான் வந்தது. முகம் பார்க்கவில்லை நான்

செல்வராஜ்: தெரியும் லட்சுமி. அதனால்தான் சொல்கிறேன்.

பாண்டி: ரோசெட்டில் 0 பெரியப்பா. திருப்பி வைத்தும் 0

பாண்டி: லைன்மேன் அண்ணனைப் பார்த்தேன். கோயில் போஸ்ட் டிபி பெட்டியில், அதுதான் எக்ஸ்சேஞ்ச் கேபிள் வீட்டுக் கம்பிகளாகப் பிரியும் பெட்டி, டெஸ்ட் போன் போட்டார். அங்கே டயல் டோன் வருகிறது. அவருக்கு அவசரமாகப் பண்ணைக்காட்டில் வேறு வேலை, கேபிளே போய்விட்டதாம். நாளை வருகிறேன் என்றார். கம்பி எங்கே போயிருக்கிறது என்று பார்த்து வை, கீழே கிடந்தால் முறுக்கிக்கூட வை என்றார்

செல்வராஜ்: பிரமாதம். எக்ஸ்சேஞ்சிலிருந்து டிபி வரைக்கும் சுத்தம். டிபியிலிருந்து வீட்டுக்கு வரும் டிராப் வயர்தான் போயிருக்கிறது. அதையே பிடித்துக்கொண்டு நடந்து வா. எங்கே மரக்கிளை மேலே விழுந்திருக்கிறதோ, எங்கே பழைய ஜாயின்ட் இருக்கிறதோ, அங்கே பார். போஸ்ட்டில் ஏறாதே. ஈபி கம்பிக்குப் பக்கத்தில் போகாதே.

பாண்டி: (படம்)

பாண்டி: இதுதான். சில்வர் ஓக் கிளை முறிந்து கம்பி மேலே. கறுப்பு டேப் சுற்றிய இடத்தில் பிய்த்துக்கொண்டு இரண்டு பக்கமும் தரையில் கிடக்கிறது

தேவி: பெரியப்பா சொன்னது அப்படியே!!

கலா: 👏👏

செல்வராஜ்: படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கம்பியின் முறுக்கும் ஒரே இடத்தில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறது, இரண்டுக்கும் சேர்த்து ஒரே டேப் சுற்றியிருக்கிறது. டேப்புக்குள் மழைத் தண்ணீர் இறங்கி இரண்டும் சேர்ந்துவிட்டது. அதுதான் லட்சுமியின் எங்கேஜ். அப்புறம் ராத்திரி கிளை இழுத்து அறுத்துவிட்டது. அதுதான் கலாவின் மணி. யார் போட்ட ஜாயின்ட் இது?

முருகன்: பொங்கலுக்கு டிராக்டர் இழுத்துவிட்டது அண்ணே. அன்றைக்கு யார் இருந்தார்கள்? நான்தான் இருந்தேன்

லட்சுமி: அவன் இருந்ததால்தான் இத்தனை மாதம் பேசினோம் அண்ணே, விடு

செல்வராஜ்: குறை சொல்லவில்லை. பாண்டி, எப்படிச் சேர்க்க வேண்டும் என்று கேள். ஒரு கம்பியை ஒரு ஜாண் குட்டையாக வெட்டு, மற்றதை நீளமாக விடு. அந்தப் பக்கத்தில் இதற்கு எதிராக வெட்டு. சேர்க்கும்போது இரண்டு முறுக்கும் ஒன்றுக்கொன்று தள்ளி வரும், பக்கத்துப் பக்கத்தில் இருக்காது. தண்ணீர் இறங்கினாலும் தொட முடியாது. பச்சை பிடித்த செம்பை வெட்டி எறிந்துவிட்டுப் பளபளவென்று இருக்கும் செம்பை மட்டும் முறுக்கு. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி டேப். இது நாளை வரைக்கும்தான், லைன்மேன் வந்து முழு நீளத்துக்குப் புதுக் கம்பி இழுக்க வேண்டும். இன்னொன்று, இது எல்லோருக்கும்: பாண்டி வேலை செய்யும்போது யாரும் அந்த நம்பருக்கு அடிக்காதீர்கள். சும்மா இருக்கும்போது 48 வோல்ட், வறண்ட கையில் தெரியாது. மணி அடிக்கும்போது 75 வோல்ட் ஏசி வரும், வெடுக்கென்று இழுக்கும்.

ஜோதி: விழுந்தது பெரும்பாறைக்காரம்மா. காலில் சிராய்ப்புதான். விசாரித்துவிட்டேன்

லட்சுமி: அப்பாடா

கார்த்தி: மாமா, நாளை புதுக் கம்பி இழுப்பதற்குப் பதில் ஃபைபர் கேட்டுவிடலாமே. கண்ணாடி இழை, ஈரம் ஒன்றும் செய்யாது, மின்னல் ஏறாது. வைஃபையும் வரும், அம்மாச்சி வீடியோவில் பேசலாம்.

தேவி: நானும் இதைத்தான் போன வருஷமே சொன்னேன்

செல்வராஜ்: ஃபைபர் நல்லது என்பதில் எனக்குச் சண்டையே இல்லை. ஆனால் ஒன்றை யோசி. செம்புக் கம்பி போனுக்குக் கரண்ட் எக்ஸ்சேஞ்சிலிருந்து வருகிறது. அங்கே 2 வோல்ட் செல் 24, சேர்ந்து 48. கரண்ட் போனாலும் பாட்டரி தாங்கும், அதுவும் இறங்கினால் ஜெனரேட்டர். வீட்டில் மெழுகுவத்தி எரிந்தாலும் போன் பேசும். கண்ணாடி இழையில் கரண்ட் வராது. இழையில் வரும் ஒளியை போனுக்கும் நெட்டுக்கும் மாற்றித் தர வீட்டில் வைக்கும் ஓஎன்டி டப்பாவுக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும். அது அணைந்தால் போனும் அணைந்தது. 2018 நவம்பரில் கஜா வந்தபோது மலையில் மரமெல்லாம் சாய்ந்து கரண்ட் இல்லாமல் கிடந்தது ஞாபகம் இருக்கிறதா? அம்மா வீட்டு போன் அப்போது பேசியது.

கலா: ஆமாம். அத்தை குரலைக் கேட்ட பிறகுதான் அன்றைக்குச் சோறு இறங்கியது

கார்த்தி: ஓஎன்டிக்கு என்றே 12 வோல்ட் மினி யுபிஎஸ் வருகிறது மாமா. சில மணி நேரம் தாங்கும். நான் வாங்கி அனுப்புகிறேன்.

செல்வராஜ்: சில மணி நேரம் என்பது பெங்களூருக்குப் போதும், மலைக்குப் போதாது.

முருகன்: இன்வெர்ட்டர் போட்டால் இரண்டுக்கும் ஆகும்

லட்சுமி: அந்த இன்வெர்ட்டர் யார் போடுவதாகச் சொன்னது, எந்தப் பொங்கலுக்கு?

முருகன்: போடுகிறேன் அக்கா. காப்பி விற்ற பணம் வரட்டும்

கலா: அத்தை பெயரில் வரும் பணத்தில் போடுவதாக யாரும் சொல்லவில்லை மதினி

லட்சுமி: நானும் அப்படிச் சொல்லவில்லையே

பாண்டி: பெரியப்பா!! யாரோ போன் பண்ணிவிட்டார்கள். கை உதறிவிட்டது

செல்வராஜ்: யார் அடித்தது?

ஜோதி: நான்தான். சரியாகிவிட்டதா என்று பார்த்தேன்

தேவி: பெரியம்மா 😂

செல்வராஜ்: கை எப்படி இருக்கிறது பாண்டி?

பாண்டி: ஒன்றும் இல்லை பெரியப்பா. கம்பியில் உயிர் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. தோட்டத்து மூலையில் இங்கே கொஞ்சம் டவர் வருகிறது. முறுக்கி முடித்துவிட்டேன். வீட்டுக்குப் போகிறேன்

பாண்டி: ரோசெட்டில் 49.6. பழைய பட்டன் போனை மாட்டினேன், டயல் டோன் வருகிறது

செல்வராஜ்: ரிசீவரை எடுத்து வைத்துக்கொண்டு மீட்டரைப் பார். பத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும்.

பாண்டி: 8.9

செல்வராஜ்: சரியாக இருக்கிறது. கரகரப்பு இருக்கிறதா?

பாண்டி: இல்லை. சுத்தமாக இருக்கிறது

லட்சுமி: நான் முதலில் பேசுகிறேன்

கலா: பேசுங்கள் மதினி. அப்புறம் நான்

கார்த்தி: அப்போது நாளைக்கு லைன்மேன் வந்தால் என்ன சொல்வது? கம்பியா ஃபைபரா?

செல்வராஜ்: இப்போதைக்குக் கம்பி. ஒரே நீளமாக, நடுவில் ஜாயின்ட் இல்லாமல். ஃபைபரும் கேட்டு வை, மலையில் அந்தத் தெரு வரைக்கும் வந்திருக்கிறதா என்று முதலில் தெரியட்டும். வந்திருந்தால் இரண்டும் கொஞ்ச நாள் ஓடட்டும் என்பது என் எண்ணம்.

முருகன்: இரண்டு பில் யார் கட்டுவது அண்ணே

தேவி: அப்பா

கார்த்தி: ஃபைபர் பில் என் பொறுப்பு.

லட்சுமி: எங்கேஜ் வருகிறதே அண்ணே!

கலா: மதினி, அத்தைதான் எனக்கு அடித்துவிட்டார்கள். பேசிக்கொண்டிருக்கிறேன். இரண்டு நிமிஷம்

லட்சுமி: 😐

செல்வராஜ்: பாண்டி, அந்தக் கிளையை வெட்டி ஓரம் போடு. மேலே இன்னொரு கிளை கம்பி மேல் சாய்ந்திருப்பது படத்தில் தெரிகிறது. அதையும் லைன்மேன் வரும்முன் கழித்துவிடு.

பாண்டி: ஆள் வைத்தால் கூலி கேட்பார்கள் பெரியப்பா

முருகன்: ஞாயிறு காதுகுத்தில் பேசிக்கொள்வோம்

தேவி: காதுகுத்துக்கு எண்ணிக்கை!! மண்டபத்துக்காரர் மறுபடி கேட்கிறார். அத்தை ஆறு, அப்புறம்?