லடாக் வனவிலங்குப் பயணம்: மலைக்காரர்களுக்கு லேயில் ஓர் இரவு போதுமா?

வரையாடு_கோத்தகிரி:
வணக்கம். ஜூன் மூன்றாவது வாரம் ஐந்து பேர் கிளம்புகிறோம். வழிகாட்டி அனுப்பிய திட்டம் இது: விமானத்தில் போய் லேயில் 1 இரவு, மறுநாளே தக்லாங் லா கணவாய் வழியாக ஸோ கார் ஏரியில் 2 இரவு, ஹான்லேயில் 3, திரும்பி லேயில் 1. கருங்கழுத்துக் கொக்கு, கியாங் காட்டுக்கழுதை, பல்லாஸ் பூனை, இந்த மூன்றும்தான் முக்கியம். எல்லோரும் 1800 மீட்டரிலேயே வளர்ந்தவர்கள். அம்மாவுக்கு 61 வயது, தேயிலைத் தோட்டத்தில் ஏறி இறங்கிப் பழகியவர். லேயில் ஒரு நாள் போதாதா? 8x42 பைனாகுலர் இருக்கிறது. முக்காலியில் வைத்துத் தூரத்துப் பறவைகளைப் பார்க்கும் ஸ்கோப்பும் வேண்டுமா?

தொட்டபெட்டா_காற்று:
போதாது. இந்தத் திட்டத்துக்கு ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடல்மட்டத்தில் காற்றழுத்தம் 100 என்றால் கோத்தகிரியில் சுமார் 80, லேயில் 65, ஸோ காரில் 57. நமக்குப் பழகியது அந்த 80 வரைதான். கால் வலு வேறு, உயரம் பழகுவது வேறு. நன்றாக நடப்பவர்கள்தான் முதல் நாளே அலைந்துவிட்டு இரவில் தலையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

3000 மீட்டருக்கு மேல் தூங்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக்கூடாது. உங்கள் திட்டத்தில் இரண்டாம் இரவே 3500-லிருந்து 4500-க்குத் தாவுகிறீர்கள். அதைவிட எனக்குப் பயம் தருவது ஸோ காரின் அமைப்பு. அது தட்டு மாதிரியான இடம், தண்ணீர்கூட வெளியே ஓடாது. ஒருவருக்கு முடியாமல் போனால் கீழே கொண்டுபோகவே முதலில் கணவாய் ஏற வேண்டும். லே பக்கம் தக்லாங் லா, 5300 மீட்டர். சிந்து ஆற்றங்கரை ஊரான மாஹே பக்கம் பொலோகோங்கா லா, அதுவும் 5000-ஐ ஒட்டியது.

திட்டத்தைத் திருப்பிப் போடுங்கள். லே 3 இரவு, சுமாதாங் (4000 மீட்டர் அளவு) 1, ஹான்லே (4300) 2, கடைசியாக ஸோ கார் 1, பிறகு தக்லாங் லா வழியே லே 1. ஒரு நாள் கூடும், கூடட்டும். ஹான்லேயிலிருந்து லோமா, நியோமா, சுமாதாங் என்று சாலை ஆற்றை ஒட்டியே இறங்குகிறது. நடுவில் கணவாய் கிடையாது, நடுராத்திரியிலும் ஆளை இறக்கிவிடலாம்.

உயரம் பழக உதவும் அசிட்டசோலமைடு மாத்திரை பற்றி மருத்துவரைக் கேளுங்கள். வழக்கமான அளவு 125 மில்லிகிராம், தினம் இரு வேளை, ஏறுவதற்கு முந்தைய நாளிலிருந்து. சல்ஃபா ஒவ்வாமை இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள். விரல் நுனி மரத்துப்போகும், சிறுநீர் அடிக்கடி வரும், பயப்பட வேண்டாம். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, குதிகால் முன் குதிகால் வைத்து நேர்கோட்டில் நடக்கும்போது தள்ளாடினாலோ விடியும்வரை காத்திருக்காமல் இறங்குங்கள்.

பைக்காரா_நீர்:
ஸ்கோப் ஒன்று வேண்டும், ஐந்து பேருக்கும் அதுவே போதும். 20-60 ஜூம் வைத்திருந்தாலும் 25, 30-க்கு மேல் போகாதீர்கள். காலை 9 மணிக்குள் தரை சூடாகிக் கானல் எழும். 60-ல் வைத்தால் கொக்கு தண்ணீருக்குள் நெளிகிற மாதிரிதான் தெரியும். 5:30-லிருந்து 8:30 வரைதான் நல்ல நேரம். மதியத்துக்குப் பிறகு காற்று முக்காலியையே அசைக்கும்.

ஸோ காரில் இரண்டு ஏரிகள். பெரியது உப்பு. தெற்கே ஸ்டார்ட்ஸாபுக் என்ற சின்ன நன்னீர் ஏரி, கொக்கு கூடு கட்டுவது அந்தச் சதுப்பில்தான். கூந்தன்குளத்துக்குக் குளிர்காலத்தில் வருகிற பட்டைத்தலை வாத்து இனத்தை இங்கே இனப்பெருக்கக் காலத்தில் பார்க்கலாம்.

அடைகாக்கும் கொக்கு எழுந்து கழுத்தை நீட்டி நின்றால் நீங்கள் அருகில் போய்விட்டீர்கள் என்று அர்த்தம். அப்படியே பின்வாங்குங்கள். அது கூட்டை விட்டு நகர்கிற நேரத்தில் தெருநாய்கள் முட்டையைத் தின்றுவிடும். வண்டியைத் தடத்தைவிட்டு இறக்க விடாதீர்கள். உப்புப் பொருக்கு காய்ந்த தரை போலத் தெரியும், அடியில் சேறு. முகூர்த்திப் பக்கத்துச் சதுப்பில் கால் வைத்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

குறிஞ்சி_கொடை:
பல்லாஸ் பூனைக்கு ஹான்லேதான். ஜூனில் குட்டிகள் இருக்கும், பாறை இடுக்கிலும் மர்மோட் (பெரிய தரை அணில்) வளையிலும் வைத்திருக்கும். வழிகாட்டியிடம் இப்போதே கேளுங்கள்: “வளையின் வாசலில் காத்திருப்பீர்களா, எதிர்ச் சரிவிலிருந்து பார்ப்பீர்களா?” முதலாவது என்றால் வேறு ஆளைப் பாருங்கள்.

தேடும் முறையை இங்கேயே பழகலாம். ஊட்டி 9-வது மைல் புல்வெளியில் பைனாகுலரை மேட்டு விளிம்பில் வைத்து இடமிருந்து வலம், பிறகு ஒரு படி கீழே வலமிருந்து இடம். கல் மாதிரி தெரிவதிலெல்லாம் ஐந்து நொடி நில்லுங்கள். பூனையின் காது தாழ்வாக, பக்கவாட்டில் இருக்கும். பாறைக்கு மேல் தட்டையான தலை மட்டும்தான் தெரியும். கியாங்கை இப்படித் தேட வேண்டியதில்லை, சாலையோரமே நிற்கும்.

இன்னொன்று: ஹான்லேயில் இரவில் ஹெட்லைட்டைத் தாழ்த்துங்கள். நம் கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தை நடத்தும் இந்திய வானியற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது.

வரையாடு_கோத்தகிரி:
மிக்க நன்றி. ஒரு நாள் கூட்டி, லே 3 இரவு என்று வழிகாட்டிக்கு எழுதிவிட்டேன். அந்த இரண்டாம் நாள் லேயில் என்ன செய்யலாம்?

தொட்டபெட்டா_காற்று:
முதல் நாள் அறையிலேயே இருங்கள். இரண்டாம் நாள் மாலை கடைத்தெரு வரை மெதுவாக. மூன்றாம் நாள் ஷே சதுப்பு, லேயைவிடத் தாழ்வு, ஏற்றமும் இல்லை. குளிர் நம் ஊர் போல ஈரமாக இருக்காது, தாகமே தெரியாது. அம்மாவுக்கு நேரம் பார்த்துத் தண்ணீர் கொடுங்கள். இங்கே வாங்கிய ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, ஒருவராவது போஸ்ட்பெய்டு வைத்திருங்கள்.