மறு: ‘டேட்டா பிரீச்’: கசிவா, மீறலா, உடைப்பா?

குழும நண்பர்களுக்கு வணக்கம்.

இழையை முழுக்கப் படித்துவிட்டே எழுதுகிறேன். ‘டேட்டா பிரீச்’ (data breach), அதாவது ஒரு நிறுவனம் வைத்திருக்கும் மக்களின் விவரங்களுக்குப் பாதுகாப்பு கெட்டுப்போவது; இதற்குத் தமிழில் இதுவரை தரவுக் கசிவு, தரவு மீறல், தரவு அத்துமீறல் என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. பெரும்பாலோர் கசிவின் பக்கம். செய்தித்தாள்களில் வந்துவிட்டது, வாசகருக்குப் பழகிவிட்டது, இனி ஏன் கிளற வேண்டும் என்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடில்லை. கசிவு நல்ல சொல்தான், ஆனால் அது இதன் ஒரு பகுதிக்கு மட்டுமே பெயர். முழுமைக்கும் அதையே வைத்தால் வரும் கெடுதலை நேரில் பார்த்துக்கொண்டிருப்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கடலூரிலும் புதுச்சேரியிலும் உள்ள சிறிய மருத்துவமனைகள், பள்ளிகள், சிக்கன நாணயச் சங்கங்கள், தங்கும் விடுதிகள் ஆகியவற்றுக்குத் தரவுப் பாதுகாப்பை ஒழுங்குபடுத்திக் கொடுப்பது என் வேலை. மக்களிடம் என்னென்ன விவரம் வாங்குகிறார்கள், அது எங்கே கிடக்கிறது, யாரெல்லாம் திறந்து பார்க்க முடிகிறது, வேலை முடிந்ததும் அழிக்கிறார்களா என்று ஒவ்வொரு மேசையாகப் போய்க் கேட்க வேண்டும். அப்புறம் ஊழியர்களுக்குப் பயிற்சி. பயிற்சி முழுக்கத் தமிழில்தான். சொல் சரியாக அமையாவிட்டால் அங்கேயே தெரிந்துவிடும்.

ஒரு பள்ளியில் கணக்குப் பிரிவுக் கணினியை ரான்சம்வேர் (கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) தாக்கியது. சேர்க்கைப் பதிவு, பெற்றோரின் கைபேசி எண்கள், ஸ்கேன் செய்து வைத்திருந்த சாதிச் சான்றிதழ்கள், கட்டணக் கணக்கு என எல்லாமே பூட்டிக்கொண்டன. கோப்புகளின் பெயருக்குப் பின்னால் யாருக்கும் புரியாத எழுத்துகள் ஒட்டியிருந்தன. திரையில் பணம் கேட்டு மிரட்டல். நான் போய்ச் சேர்ந்தபோது தாளாளர் ஓரளவு நிம்மதியாகவே இருந்தார். “எதுவும் வெளிய கசியலையே சார். ரசீது புத்தகம் இருக்கு, திரும்ப ஏத்திக்குவோம். பெத்தவங்ககிட்ட சொல்லி எதுக்குப் பயமுறுத்தணும்?” என்றார். நல்ல மனிதர், பிள்ளைகள் மேல் அக்கறை உள்ளவர். ‘தரவுக் கசிவு ஏற்பட்டால் தெரிவிக்க வேண்டும்’ என்று எங்கோ படித்திருக்கிறார். கசியவில்லை, ஆகவே தெரிவிக்க வேண்டாம் என்று முடிவு கட்டிவிட்டார். சொல் அவரை அங்கே கொண்டுபோய் நிறுத்திவிட்டது.

இனி சட்டம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர்த் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இதற்குக் கொடுக்கும் விளக்கம் மிக அகலமானது. அனுமதியின்றிக் கையாளுதல் ஒரு பக்கம். தற்செயலாக வெளிப்படுதல், பிறர் கைக்குப் போதல், பகிரப்படுதல், பயன்படுத்தப்படுதல், மாற்றப்படுதல், அழிதல், எடுத்துப் பார்க்க முடியாமல் போதல் ஆகியவை இன்னொரு பக்கம். இவற்றில் எதனாலாவது தரவின் மறைகாப்போ (பிறர் பார்க்காமல் இருப்பது), சிதையாமையோ (மாறாமல் முழுதாக இருப்பது), கிடைப்போ (வேண்டும்போது எடுக்க முடிவது) கெட்டால் அது ‘பிரீச்’. கசிவு என்ற சொல் மறைகாப்போடு நின்றுவிடுகிறது. சிதைவும் இழப்பும் அதற்குள் அடங்குவதில்லை. ஐரோப்பாவில் 2018 மே முதல் நடைமுறையில் உள்ள தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும் அழிவையும் இழப்பையும் சேர்த்தே சொல்கிறது. நம் நாட்டின் கணினிப் பாதுகாப்பு அவசரநிலை அமைப்பான சர்ட்-இன் (CERT-In) 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணை, சைபர் நிகழ்வுகளை ஆறு மணி நேரத்துக்குள் தெரிவிக்கச் சொல்கிறது. எவற்றைத் தெரிவிக்க வேண்டும் என்ற அதன் பட்டியலில் ‘டேட்டா பிரீச்’ ஒரு வரி, ‘டேட்டா லீக்’ அடுத்த வரி. இரண்டுக்கும் கசிவு என்றே எழுதினால் அந்தப் பட்டியலை எப்படித் தமிழில் தருவது? இந்த ஒன்றுக்காகவே இரண்டு சொல் வேண்டும்.

தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையில் 2022 நவம்பரில் நடந்தது நினைவிருக்கும். சர்வர்கள் முடங்கி, பதிவும் பரிசோதனை முடிவும் நாள்கணக்கில் கையெழுத்தில் நடந்தன. தரவு வெளியே போனதா இல்லையா என்ற கேள்விக்கு விடை தெரியும் முன்பே நோயாளிகள் அவதிப்பட்டுவிட்டார்கள்.

அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதை ஒட்டிச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிட்ட தண்ணீரோடு தென்பெண்ணை பெருகிவந்து கடலூர்ப் பக்கம் ஊருக்குள் புகுந்தது. நான் போன ஒரு சிறிய மருத்துவமனையில் கணினி தரையோடு இருந்தது, நகல் எடுத்து வைத்த ஹார்டு டிஸ்க் அதே மேசையின் கடைசி இழுப்பறையில். இரண்டும் ஒன்றாக மூழ்கின. சர்க்கரை நோயாளிகளின் பல ஆண்டு ரத்தப் பரிசோதனை முடிவுகள் போய்விட்டன. அடுத்த வாரம் நோயாளிகள் தங்களிடம் இருந்த பழைய சீட்டுகளைப் பாலித்தீன் பையில் போட்டுக்கொண்டு வந்து வரிசையில் நின்றார்கள். செவிலியர் ஒருவர் அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்து நீளக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தார். ஈரத்தில் மை பரவிய சீட்டுகளில் எண் தெரியவில்லை. ஒரு பாட்டியிடம், போன முறை எவ்வளவு இருந்தது, நினைவிருக்கிறதா என்று கேட்க வேண்டியதாயிற்று.

அங்கே திருடனும் இல்லை, கசிவும் இல்லை. ஆனாலும் சட்டத்தின் விளக்கத்தில் இது அப்படியே பொருந்துகிறது. (நிறுவனங்களின் கடமைகளைச் சொல்லும் பிரிவுகள் அன்று நடைமுறைக்கு வந்திருக்கவில்லை. 2025 நவம்பரில் இந்தச் சட்டத்தின் விதிகள் வெளியாயின, அதிலிருந்து 18 மாத அவகாசம், அதாவது 2027 மே.) பாதுகாப்பு ஏற்பாடுகளில் ஒன்றாக நகல் எடுத்து வைப்பதை விதியே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் ‘கசிவைத் தடுப்பது எப்படி’ என்று தலைப்பு வைத்து வகுப்பு எடுத்தால் நகல் எடுப்பதைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை. பாஸ்வேர்டு, பென்டிரைவ், வாட்ஸ்அப் என்று பேச்சு அங்கேயே சுற்றுகிறது.

சரி, மீறலுக்கு வருகிறேன். இழையில் ஒருவர் எழுதியது:

> மீறல் என்றால் பொருள் விரியும். ரான்சம்வேரும் அதில் அடங்கும்.

விரியும் என்பது உண்மை. ஆனால் மீறல் என்றால் மீறியவர் ஒருவர் வேண்டும். விதிமீறல், ஒப்பந்த மீறல், உரிமை மீறல், எல்லாவற்றிலும் ஒரு ஆள் நிற்கிறார். சட்டமோ ‘தற்செயலாக’ என்பதையும் சேர்த்தே சொல்கிறது. புதுச்சேரியில் ஒரு விடுதியில் நடந்ததைக் கேளுங்கள். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் விவரம் பதிய வேண்டும், விடுதிக்காரர்கள் ‘சி ஃபார்ம்’ என்பார்கள். வரவேற்பில் இருந்த பெண் ஒவ்வொரு பாஸ்போர்ட்டையும் விசாவையும் தன் சொந்தக் கைபேசியில் படம் எடுத்து மேலாளருக்கு அனுப்புவார். மேலாளர் பதிவேற்றுவார். நாளெல்லாம் இதுதான் வழக்கம், சொல்லிக்கொடுத்தவரே மேலாளர்தான். அந்தக் கைபேசி ஒரு நாள் பேருந்தில் தொலைந்துபோனது. நூற்றுக்கணக்கானோரின் பாஸ்போர்ட் படம் அதில். திரைப்பூட்டு கிடையாது.

கூட்டத்தில் நான் ‘தரவு மீறல்’ என்ற சொல்லைப் பலகையில் எழுதியதும் மேலாளர் கேட்ட முதல் கேள்வி, “அப்ப அந்தப் பொண்ணு மேல என்ன நடவடிக்கை எடுக்கணும்?” அந்தப் பெண் அதற்குமேல் வாயே திறக்கவில்லை. எத்தனை படம் இருந்தது, எந்த மாதத்திலிருந்து இருந்தது, படங்கள் வேறெங்காவது தானாகச் சேமிப்பாகியிருக்குமா என்று நமக்குத் தெரிய வேண்டிய அத்தனையும் அவருக்கு மட்டும்தான் தெரியும். பயந்துவிட்டார். நிறுவனங்களில் தரவுப் பாதுகாப்பு வலுப்பட வேண்டுமென்றால் நடந்ததை நடந்த அன்றே ஊழியர் வந்து சொல்ல வேண்டும். இந்தச் சட்டத்தின்படி அமையும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு உடனே ஒரு தகவலும் 72 மணி நேரத்துக்குள் முழு விவரமும் போக வேண்டும் என்கிறது விதி. ஊழியர் மூன்று நாள் மறைத்தால் கணக்கு எங்கே நிற்கும்? குற்றச்சாட்டுபோல ஒலிக்கும் சொல்லை வைத்துக்கொண்டு ‘தைரியமாக வந்து சொல்லுங்கள்’ என்று கேட்க முடியவில்லை.

ஆகவே என் பரிந்துரை: தரவு உடைப்பு.

இதை எங்கிருந்தும் கடன் வாங்கத் தேவையில்லை. பாகூர் ஏரியும் பெருமாள் ஏரியும் வீராணமும் உள்ள பகுதி இது. கரை போனால் ‘உடைப்பு எடுத்துக்கிச்சு’ என்று சொல்லாத ஆளில்லை. ஏரிக்கரையில் கசிவு என்பது வேறு, உடைப்பு என்பது வேறு, அதை விவசாயிக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. மதகு வழியே விட்ட தண்ணீர் பாசனம். கரையைப் பிய்த்துக்கொண்டு போவது உடைப்பு. உடைப்பில் தண்ணீர் போகக் கூடாத இடத்துக்குப் போகிறது, வயலில் மணலடித்துவிடுகிறது, ஏரியை நம்பிய ஆயக்கட்டு வயல்களுக்குத் தண்ணீர் இல்லாமலும் போகிறது. மறைகாப்பு, சிதையாமை, கிடைப்பு மூன்றும் கெடுவது ஒரே சொல்லில் வந்துவிட்டது. யாரோ வெட்டிவிட்டிருக்கலாம், எலிவளை இருந்திருக்கலாம், பெருமழையாக இருக்கலாம், எப்படியானாலும் உடைப்பு உடைப்புதான். ஆளைத் தேடும் முன் அடைக்கத்தான் ஓடுவார்கள். அந்த மனநிலைதான் நிறுவனங்களுக்கு வேண்டும் என்று நினைக்கிறேன்.

சொற்குடும்பமும் தானாக வந்து சேர்கிறது. பரவாமல் தடுக்கும் முதல் வேலைக்கு ‘உடைப்பு அடைத்தல்’, வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டோருக்கும் சொல்வதற்கு ‘உடைப்பு அறிவிப்பு’, நடந்தவற்றை எழுதி வைக்க ‘உடைப்புப் பதிவேடு’. பயிற்சியில் இந்த மூன்றையும் பயன்படுத்திப் பார்த்தேன். பதிவேடு என்றதுமே ஒரு சங்கத்தின் எழுத்தர் எழுந்துபோய் புது நோட்டு ஒன்றை எடுத்துவந்து கட்டம் போட ஆரம்பித்தார்.

எதிர்ப்புகள் வரும் என்று தெரியும், இரண்டு ஏற்கெனவே வந்திருக்கின்றன.

> உடைப்பு என்றால் தரவைத் துண்டு துண்டாகப் பிரிப்பது என்று படாதா?

அதற்குப் பிரித்தல், பகுத்தல் என்ற சொற்கள் நிலைத்துவிட்டன. குழப்பம் வர வாய்ப்பு குறைவு. ஆனால் சேர்த்து ‘தரவுடைப்பு’ என்று எழுத வேண்டாம். ‘தரவுடைய’ என்பதுபோல் கண் முதலில் ‘தரவுடை’ என்று படித்துவிடுகிறது. இரண்டு சொல்லாகவே இருக்கட்டும்.

> ‘தரவுக் காப்பு உடைப்பு’ என்றால் இன்னும் துல்லியம் அல்லவா?

துல்லியம்தான். ஆனால் காப்பு என்றால் நம் வீடுகளில் முதலில் கை வளையலும் கோயில் காப்புக் கட்டும்தான் நினைவுக்கு வரும். ‘காப்பு உடைப்பு’ பெண்கள் காதில் நன்றாக ஒலிக்கவில்லை. அவையிலேயே இருவர் முகம் சுளித்தார்கள். அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

‘பிரீச்’ என்று ஒலிபெயர்த்தே எழுதலாம் என்ற நண்பருக்கு: இப்படி ஒன்று நடந்தால் முதலில் கண்ணால் பார்ப்பவர் வரவேற்பில் இருப்பவரோ, கணக்கு எழுதுபவரோதான். தலைமை அலுவலரோ ஆலோசகரோ பார்ப்பதில்லை. அவர் வாயில் வராத சொல்லை வைத்து அவர் எப்படி வந்து தகவல் சொல்வார்? தவிர, ஒப்புதல் கேட்கும் முன் கொடுக்கும் அறிவிப்பை ஆங்கிலத்திலோ அரசியல் சட்டத்தின் எட்டாவது அட்டவணையில் உள்ள எந்த மொழியிலுமோ பெற மக்களுக்கு வழி செய்ய வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. தமிழில் எழுதிக் கேட்டுவிட்டு, கெட்டுப்போனதை மட்டும் ஆங்கிலத்தில் சொல்வது முறையல்ல.

பாதிக்கப்பட்டவர்களுக்கு அனுப்பும் அறிவிப்பில் என்ன நடந்தது, எப்போது, எந்த அளவுக்கு, அதனால் அவருக்கு என்ன நேரலாம், நிறுவனம் என்ன செய்தது, அவர் தன் பங்குக்கு என்ன செய்துகொள்ளலாம், யாரைக் கேட்பது ஆகியவை இருக்க வேண்டும், அதுவும் எளிய நடையில். மேலே சொன்ன பள்ளி கடைசியில் பெற்றோருக்கு அனுப்ப ஒப்புக்கொண்டது. அதன் வரைவை வைக்கிறேன், நடையைத் திருத்தித் தாருங்கள்:

“அன்புள்ள பெற்றோருக்கு, எங்கள் அலுவலகக் கணினியில் தரவு உடைப்பு ஏற்பட்டுள்ளது. தங்கள் பிள்ளையின் சேர்க்கை விவரம், தங்கள் கைபேசி எண், சான்றிதழ் நகல்கள் ஆகியவற்றை இப்போது எங்களால் திறக்க முடியவில்லை. பிறர் கைக்குப் போனதா என்று ஆய்வு நடக்கிறது. அந்தக் கணினியைத் தனியே பிரித்து வைத்துவிட்டோம். பள்ளியின் பெயரைச் சொல்லிக் கட்டணமோ ஓடிபியோ கேட்டு யார் அழைத்தாலும் கொடுக்க வேண்டாம். ஐயம் இருந்தால் கீழே உள்ள எண்ணில் அலுவலகத்தைக் கேளுங்கள்.”

தாளாளர் முதலில் ‘தொழில்நுட்பக் கோளாறு’ என்று போடச் சொன்னார். ஓடிபி வரியைப் படித்துக்காட்டி, கோளாறு என்றால் இந்த எச்சரிக்கையை யார் மதிப்பார்கள் என்று கேட்டதும் விட்டுக்கொடுத்தார்.

சொற்பட்டியலுக்கு நான் முன்வைக்கும் பதிவு: தரவு உடைப்பு – தனிநபர்த் தரவு அனுமதியின்றிக் கையாளப்படுதல், அல்லது தற்செயலாக வெளிப்படுதல், பிறர் கைக்குப் போதல், மாறுதல், அழிதல், கிடைக்காமல் போதல் இவற்றால் அதன் மறைகாப்போ சிதையாமையோ கிடைப்போ கெடுதல். தரவுக் கசிவு – தரவு உடைப்பின் ஒரு வகை. தரவு வெளியே போதல் மட்டும். வினைக்கு ‘உடைப்பு ஏற்பட்டது’ என்று எழுதுவதா, பேச்சில் உள்ளபடி ‘உடைப்பெடுத்தது’ என்றே வைப்பதா? எனக்கு இரண்டாவதே பிடித்திருக்கிறது. மொழிபெயர்ப்புத் துறை அம்மாவும் சிதம்பரம் ஐயாவும் கருத்துச் சொன்னால் இந்தப் பதிவை இறுதி செய்துவிடலாம்.

அன்புடன்,
கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து