வாழைச்சேனைத் துறைமுகத்தில இறக்கின இந்த மீன் சுறாவா, திருக்கையா?

கேள்வி (கடற்பாசி):
வால் சுறா மாதிரி, தலை கலப்பைக்கொழு மாதிரித் தட்டை. பதிவில என்ன எண்டு எழுதிற? பாசிக்குடாக் கரையில ஒதுங்கிற கறுத்த முட்டைப்பை ஸ்கேட்டினதா (முட்டையிடுற திருக்கை இனம்)?

தோணி:
மேல பார்த்தா ஏமாறுவீங்க. புரட்டிப் போடுங்க. செவுள் பிளவுகள் பக்கவாட்டில இருந்தா சுறா. அடிப்பக்கம், வாய்க்குப் பின்னால 5 சோடி இருந்தா திருக்கைக் கூட்டம். நீங்க சொல்றது உழுவை, அதுவும் திருக்கைப் பக்கம்தான். அதுக்குள்ளயும் ரெண்டு வகை: முதல் முதுகுத்துடுப்பு இடுப்புத்துடுப்புக்கு நேர் மேலயோ முன்னாலயோ தொடங்கி, வால் பிறை மாதிரிக் கவடா இருந்தா வெட்ஜ்ஃபிஷ் (wedgefish), துடுப்பு நல்லாப் பின்தள்ளி, வாலில கீழ்மடல் இல்லாட்டி கிட்டார்ஃபிஷ் (guitarfish). சும்மா ‘உழுவை’ எண்டு மட்டும் எழுதினா அந்தப் பதிவால பிரயோசனமில்லை.

முகத்துவாரம்:
முட்டைப்பையில நாலு மூலையிலயும் கொம்பு இருந்தாத்தான் ஸ்கேட். கொம்பில்லாத நீள்வட்டப் பை மூங்கில் சுறாவுடையதா இருக்கலாம். முள்ளுத் திருக்கை குட்டிதான் போடும். ஸ்கேட்டின்ட வால் தடிப்பு, நுனிக்குக் கிட்ட ரெண்டு சின்னத் துடுப்பு, விஷமுள் கிடையாது. ஆனா முள் இல்லாததை மட்டும் நம்பாதீங்க. திருக்கை முள்ளை ஆக்கள் படகிலயே குறட்டால முறிச்சிருவாங்க. வாலில முறிஞ்ச அடிக்கட்டையைத் தேடுங்க. எங்கட கரைவலைக்கு ஸ்கேட் வாறது அருமை, அது ஆழக்கடல் சாமான்.

தோணி:
இன்னொண்டு. மேல்வால் உடம்பளவு நீளமா இருந்தா அது திறேசர் சுறா, இலங்கையில 2012இல் இருந்து பிடிக்கத் தடை. 2015 சுறா மீன்பிடி விதிகளின்ட தடைப்பட்டியலில புள்ளிச் சுறாவும் (பெரிய திமிங்கிலச் சுறா) இருக்கு. படம் எடுக்கேக்க பக்கவாட்டு, அடிப்பக்கம், வால் மூண்டையும் அளவுநாடா வச்சு எடுங்க.